யாருக்கும் தேவைப்படாத பகா எண்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

1. என் அக்கா கணிதத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். வாரநாட்களில் மருங்காபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் செய்த ஆய்வு.

2. அது முடிவதற்கு ஒரே ஒரு பகா எண் தேவைப்பட்டது.

3. அதைத் தேடி எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியது.

4. ஒரு எண் கிடைத்தது. அதற்கு நாலரை லட்சம் இலக்கங்கள்.

5. அக்கா ஆய்வின் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தாள். கெடு முடிய இருந்த வாரம் அது.

6. பிறகு வெளியூரிலிருந்து ஒருவர், அந்த எண் எழுபத்து மூன்றால் வகுபடுகிறது என்று எழுதினார். வகுபட்டால் அது பகா எண் இல்லை.

7. அவர் சொன்னது சரி. எங்கள் கம்ப்யூட்டர் சொன்னதும் சரி.

ஏழாவது வரியை யாரிடம் சொன்னாலும் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். அதைப் புரியவைக்கத்தான் மற்றதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

நான் அரியமங்கலத்தில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். பட்டறைகளிலிருந்து மைக்ரோமீட்டர், வெர்னியர், பிரஷர் கேஜ் எல்லாம் எங்களிடம் வரும். அவை காட்டும் அளவு சரிதானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். கணிதம் எனக்கு அக்கா அளவுக்கு வராது. அவள் சொல்லிச் சொல்லி, தேவையான அளவுக்குத் தெரியும்.

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அக்கா தேடிய எண்களுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தது. அதில் இரண்டு பாகங்கள். அம்மா அவற்றுக்குத் தலை, வால் என்று பெயர் வைத்தாள். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. வால் எத்தனையோ அத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். வந்ததைத் தலையால் பெருக்கி, கடைசியில் ஒன்று கூட்ட வேண்டும். தலை மூன்று, வால் இரண்டு என்றால் பதின்மூன்று வரும். அது பகா எண். அதே தலைக்கு வால் மூன்று என்றால் இருபத்தைந்து. அது இல்லை.

சில தலைகளுக்கு முதல் வாலிலேயே பகா எண் வந்துவிடும். சில தலைகள் லட்சக்கணக்கான வால்கள் போட்டுப் பார்த்தாலும் பிடிகொடுக்காது. எப்போதுமே வராது என்று நிரூபிக்கப்பட்ட தலைகளும் உண்டு. அக்கா ஒரு நிபந்தனையை எடுத்துக்கொண்டு, அதற்குள் வரும் எல்லாத் தலைகளுக்கும் குறைந்தது ஒரு பகா எண்ணாவது உண்டு என்று காட்ட முயன்றாள். பெரும்பாலானவற்றைத் தாளில் எழுதியே முடித்தாள். பதினொன்று மிஞ்சின. அந்தப் பதினொன்றுக்கும் கம்ப்யூட்டரில் தேடித்தான் பார்க்க வேண்டும். பத்துக்குக் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று, ஆறு இலக்கத் தலை, பதில் சொல்லாமல் நின்றது.

அந்த ஒரு தலையில் அவளுடைய வேலை இருந்தது. கல்லூரியில் அவள் ஒப்பந்த ஆசிரியை. பிஎச்.டி. இல்லாதவர்களை இந்தக் கல்வியாண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆய்வுக்குப் பதிவுசெய்த காலமும் நீட்டிப்புகளோடு சேர்ந்து முடியப்போகிறது. பட்டம் வந்தால் வேலை நிலைக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து மருங்காபுரி வரை இரண்டு பஸ் மாறி, சில நாள் நின்றுகொண்டே போய்வந்தவள் அவள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். அங்கே படிக்கிற பெண்களில் பலர் வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் என்பாள். அவர்களுக்கு வகுத்தல் மீதியைப் பற்றிச் சொல்லும்போது, பஸ்ஸில் டிக்கெட் போக மிச்சச் சில்லறை கேட்பதுபோலக் கேட்பார்கள் என்று சிரிப்பாள்.

முதலில் கல்லூரி லேபில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் தேடல் ஓடியது. தேர்வு நேரம் வந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அக்கா வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்தாள். பழையதுதான், ஆனால் நல்ல வேகம். டிவி இருந்த மேசையில் அதை வைத்தோம். டிவி பீரோ மேல் ஏறியது.

தலையை இங்கே புதிதாக உள்ளிட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா தென்னூரில் கூரியர் கவுண்டர் நடத்துகிறார். நாள் முழுக்க நீள நீளமான நம்பர்களைப் போனில் படிப்பதும் கேட்பதும்தான் வேலை. நம்பரைச் சொல்லி முடித்ததும், "கூட்டினா எவ்வளவு?" என்பார். அந்தப் பக்கம் இருப்பவர் எல்லா இலக்கங்களையும் கூட்டி, வருவதை மறுபடியும் கூட்டி, ஒற்றை இலக்கமாகச் சொல்ல வேண்டும். "அஞ்சு." "சரி, வெச்சிடுங்க." இது அப்படியே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ரயில் டிக்கெட் நம்பர், கேஸ் புக்கிங் நம்பர், பாஸ்புக் நம்பர், எதுவானாலும் கூட்டிப் பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை. அம்மாவுக்கு இதில் எரிச்சல். அப்பா காய்கறி வாங்கி வந்து விலை சொன்னால், "கூட்டினா எவ்வளவு வருதுங்க?" என்று கேட்பாள்.

அக்கா தட்டச்சு செய்தாள். திரையில் இருந்ததை அவள் கூட்டினாள். தாளில் இருந்ததை நான் கூட்டினேன்.

"எட்டு," என்றாள்.

"எட்டு," என்றேன்.

எண்டர் தட்டினாள்.

தேடலில் இரண்டு கட்டம். முதலில் சலிப்பது. சின்னப் பகா எண்களால் வகுபடும் வால்களையெல்லாம் முன்கூட்டியே தள்ளிவிடுவது. மிஞ்சியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது. ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சலித்து முடித்ததும் அக்கா திரையைப் பார்த்து, "இந்தத் தடவை நிறைய மிஞ்சியிருக்குடி," என்றாள்.

"அது நல்லதா கெட்டதா?"

"தெரியல. புது புரோகிராம், பழசு மாதிரி ஆழமா சலிக்கல போல. வேலை அதிகம். ஆனா வாய்ப்பும் அதிகம்."

அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

சித்திரை வெயிலில் அந்த கம்ப்யூட்டர் ஹாலை அடுப்படி ஆக்கியது. ஃபேன் காற்று அதற்குத்தான் என்று ஆனபோது அம்மா, "நமக்கு வேர்த்தா பரவாயில்ல. தலைக்கும் வாலுக்கும் வேர்க்கக்கூடாது பாரு," என்றாள். ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் ஒரு வரி வரும். பகு எண், மீதி இன்னது. அதோடு சரி. எதனால் வகுபடுகிறது என்று அது சொல்லாது. சொல்ல அதற்கும் தெரியாது. வகுபடும் என்பது மட்டும் உறுதி. இது எனக்கு முதலில் பிடிபடவேயில்லை.

"எதால வகுபடும்னு தெரியாம, வகுபடும்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"பகா எண்ணா இருந்தா கடைசில ஒரு குறிப்பிட்ட மீதிதான் வரணும். வரல. அவ்வளவுதான்."

"அப்ப வகுக்கிற எண் எங்கே?"

"இருக்கு. எங்கேன்னு யாருக்கும் தெரியாது."

எங்கள் லேபில் இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பி செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா ஹாலில் இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. திரையின் கடைசி வரியில் வழக்கமான வார்த்தைக்குப் பதில் வேறு வார்த்தை இருந்தது. பகா எண். வால் பதினைந்து லட்சத்துச் சொச்சம்.

அவள் குதிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "திரும்ப ஓட்டணும்," என்றாள். அன்று இரண்டு பேரும் லீவு போட்டோம். திரும்ப ஓட்டினோம். மறுபடியும் பகா எண். அப்போதுதான் அம்மாவைக் கூப்பிட்டாள். அப்பா கவுண்டரைப் பாதியில் சாத்திவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். நாலரை லட்சம் இலக்கத்தையும் பிரிண்ட் போட்டு கவுண்டரில் வைக்க வேண்டும் என்றார்.

"நூத்தம்பது பக்கம் வரும்ப்பா."

"வரட்டுமே. பைண்ட் பண்ணிடுவோம்."

அம்மா மாடிப் படியில் எதிர்வீட்டு மாமியிடம் சொல்வது கேட்டது. "பெரியவ ஒரு நம்பர் கண்டுபிடிச்சிருக்கா மாமி."

"எந்த நம்பர்?"

"நாலரை லட்சம் இலக்கமாம்."

"பேஷ். பரிசு எவ்வளவாம்?"

அக்காவின் கைடு மேடம் போனில் அழுதார் என்றுகூடச் சொல்லலாம். இத்தனை வருடம் "பெரும்பாலான தலைகளுக்கு" என்று இருந்த தலைப்பை "முழுமையான தீர்வு" என்று மாற்றச் சொன்னார். சுருக்கத்தை ஒப்படைக்கக் கடைசித் தேதி அந்த வாரமே. இரண்டு முறை ஓட்டி இரண்டு முறையும் ஒரே விடை வந்திருக்கிறது. வேறென்ன வேண்டும்? அக்கா கையெழுத்துப் போட்டாள், மேடம் கையெழுத்துப் போட்டார், துறைத்தலைவர் போட்டார். பதிவேட்டில் தலைப்பு ஏறியது. நான் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. அக்கா ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, முன்னால் நின்ற பஸ்ஸின் நம்பரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

முழு ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்க்க, வெளியாள் ஒருவர் சரிபார்த்த குறிப்பு ஒன்று வேண்டும் என்று மேடம் நினைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் வெளியூரில் இருந்தார். அவருக்குத் தலையையும் வாலையும் மின்னஞ்சலில் அனுப்பினார். தலையை அக்காவின் பழைய கட்டுரையில் அச்சில் இருந்தபடியே எழுதினார்; வால் மட்டும்தான் புதிது. பதில் உடனே வந்துவிட்டது. ஒரே வரி. இது எழுபத்து மூன்றால் வகுபடுகிறதே, சரியாக அனுப்பினீர்களா?

ஞாயிற்றுக்கிழமை. அம்மா அடைக்கு ஊறவைத்த அரிசி பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா போனை என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவருக்கு ஏதோ குழப்பம் என்றுதான் நினைத்தாள். "கையாலேயே பாத்துடலாம், இரண்டு நிமிஷம்," என்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

நாலரை லட்சம் இலக்க எண்ணைக் கையால் எப்படி வகுப்பாள் என்று நான் கேட்டேன். அவள் எழுதிக்கொண்டே சொன்னாள். எழுபத்து மூன்றுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் எழுபத்து மூன்றால் வகுத்து மீதியைப் பார்த்தால், ஒன்பது தடவைக்கு ஒருமுறை மீதிகள் அதே வரிசையில் திரும்பும். அதனால் வாலை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி என்று தெரிந்தால் போதும். ஒன்பதால் வகுக்கும் மீதிக்கு வாலின் இலக்கங்களைக் கூட்டினாலே போதும்.

"கூட்டினா எவ்வளவு?" என்றேன், பழக்கத்தில்.

"முப்பத்தொண்ணு. நாலு."

நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் பதினாறு. அடுத்து தலை. அது அவளுக்கு மனப்பாடம். எழுபத்து மூன்றால் வகுத்தாள். மீதி நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றைப் பதினாறால் பெருக்கினால் அறுநூற்றைம்பத்தாறு. ஒன்று கூட்டினால் அறுநூற்றைம்பத்தேழு. எழுபத்து மூன்றை ஒன்பதால் பெருக்கினாலும் அறுநூற்றைம்பத்தேழு.

மீதி இல்லை.

பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு கீழே மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். பத்திரிகையின் மணமகன் பெயர் பக்கத்திலும் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அறுநூற்றைம்பத்தேழு.

"நாலு மீதி வர்ற வால் எல்லாம் இந்தத் தலைக்கு ஆகாதுடி," என்றாள் மெதுவாக. "இது எனக்குத் தெரிஞ்ச விஷயம். என் கட்டுரையிலேயே எழுதியிருக்கேன். சலிக்கும்போதே போயிருக்கணும். இது எப்படி உள்ள இருந்தது?"

"கம்ப்யூட்டர் பகா எண்ணுன்னு சொல்லுதே."

"சொல்லுது."

"ரெண்டு தடவை சொல்லுச்சு."

"ஆமா."

ஒரு எண் பகா எண்ணாகவும் எழுபத்து மூன்றால் வகுபடுவதாகவும் இருக்க முடியாது. அவள் மறுபடியும் போட ஆரம்பித்தாள். கணக்கில் தப்பைத் தேடினாள். அதில் தப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் லேபில் இரண்டு கருவிகள் ஒரே உருப்படிக்கு வெவ்வேறு அளவு காட்டினால், முதலில் கருவிகளைப் பிரிக்க மாட்டோம். இரண்டிலும் வைத்தது ஒரே உருப்படிதானா என்று பார்ப்போம். பெரும்பாலும் இருக்காது. பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு இரும்புப் பின்கள் இருக்கும், யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். நான் எழுந்து ஹாலுக்குப் போனேன். உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தேன். தலையைப் பார்த்தேன். அக்காவின் பழைய கட்டுரையை இன்னொரு பக்கம் திறந்து, ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தேன்.

நடுவில் 47 இருக்க வேண்டிய இடத்தில் 74 இருந்தது.

சமையலறையில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. அக்கா இன்னும் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொல்லும் வரைக்கும் அவளுக்கு இது ஒரு புதிர்தான். சொன்ன பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கவும் வழி கிடையாது. மேடத்துக்கு அவள் பதில் எழுத வேண்டும்.

"அக்கா, இதைக் கொஞ்சம் வாசி," என்றேன்.

வந்தாள். திரையைப் பார்த்து வாசித்தாள். ஆறு இலக்கத்தையும் கடகடவென்று. நடுவில் நாலு, ஏழு என்றுதான் வாசித்தாள். திரையில் ஏழு, நாலு இருந்தது.

"விரலை வெச்சு வாசி."

"விளையாடாத."

"வெச்சு வாசிக்கா."

வைத்து வாசித்தாள். மூன்றாவது இலக்கத்தில் விரல் நின்றது. அங்கேயே இருந்தது.

இலக்கங்களை இடம் மாற்றினால் கூட்டுத்தொகை மாறாது. நாற்பத்தேழைக் கூட்டினாலும் பதினொன்று, எழுபத்து நான்கைக் கூட்டினாலும் பதினொன்று. மீதிகளையே வருடக்கணக்காகப் படித்தவளுக்கு இது தெரியாததில்லை. எனக்கும் தெரியாததில்லை. அப்பாவின் கவுண்டரிலும் இது எப்போதாவது நடக்கும். இலக்கம் இடம் மாறி ஒரு பார்சல் வேறு ஊருக்குப் போகும், இரண்டு நாளில் திரும்பி வரும்.

எங்கள் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது உண்மையான பகா எண். அது இன்னொரு தலைக்குரியது. அந்தத் தலைக்கு மிகச் சிறிய வாலிலேயே பகா எண் உண்டு என்று முன்பே தெரியும். இன்னொன்று யாருக்கும் வேண்டாம். பெரிய பகா எண்களின் பட்டியலில் இடம் பிடிக்கவும் அது போதாது. இப்போது அதைவிடப் பெரியவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சலித்தபோது நிறைய மிஞ்சியதும் அதனால்தான். அது வேறு எண்ணின் சல்லடை.

அக்கா அழவில்லை. குளித்துவிட்டு வந்து அடை சாப்பிட்டாள். பிறகு மேடத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

"தலைப்புல 'முழுமையான'ன்னு நான் போடச் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றார் மேடம்.

"நானும் கையெழுத்துப் போட்டேன் மேடம்."

"பழைய தலைப்பு இருந்திருந்தா, ஒண்ணு தவிரன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். பத்துத் தலையே நல்ல வேலைதான்."

"தெரியும் மேடம்."

தலைப்பை மாற்ற முடியுமா என்று கேட்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனோம். அந்தப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு நம்பர்லதான் தப்புங்கிறீங்க?"

"ஆமா சார்."

"அந்த நம்பரை மட்டும் திருத்திடலாமே? பக்கத்தை மாத்திக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"திருத்தினா அது பகா எண் இல்ல சார்."

"வேற நம்பர் போடுங்க."

"வேற நம்பர் கிடைக்கல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தலைப்புதான் மாத்தணும். தலைப்பு மாத்தினா புதுப் பதிவு. புதுப் பதிவுன்னா உங்க காலம் முடிஞ்சிருக்கே, எப்படிம்மா? ஒரு மனு எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன். எப்ப வரும், என்ன வரும்னு நான் சொல்ல முடியாது."

எழுதிக் கொடுத்தோம். அவர் முத்திரை போட்டார். வெளியே வந்து ஜூஸ் குடித்தோம். அக்கா பாதி டம்ளரை வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு இதை விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ கண்டுபிடிச்ச நம்பர் நிஜமான நம்பர்தானே?" என்றாள்.

"நிஜமானதுதான்மா."

"பகா எண்தானே?"

"ஆமா."

"அப்புறம் என்னடி? கிடைச்சதை வெச்சுக்கிட்டு, தலையை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரித்தாள். அம்மாவும் என்ன என்று தெரியாமல் கூடச் சிரித்தாள். அப்பா மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கூட்டிச் சரிபார்த்தது எப்படி என்று அவர் எங்களிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து கவுண்டரில் நம்பரை முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை வாசிக்கச் சொல்கிறார் என்று அங்கே வேலை செய்கிறவர் சொன்னார். வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்களாம்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். என்ன முடியும் என்று ஒரு தாளில் வரிசை போட்டேன். சரியான தலையை மூன்று பேர் தனித்தனியாக வாசித்து உள்ளிட்டோம். லேபில் சும்மா கிடந்த இரண்டு கம்ப்யூட்டர்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அக்கா பழைய புரோகிராமை மறுபடியும் நிறுவினாள். இந்த முறை சலித்தபோது மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதைப் பார்த்தபோதுதான் அந்தத் தலை எவ்வளவு கஞ்சத்தனமானது என்று எனக்குப் புரிந்தது. மூன்று கம்ப்யூட்டர்களும் ஓடின. பகு எண், மீதி இன்னது. பகு எண், மீதி இன்னது. வரிசையில் அதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது நான் கேட்டேன். "இந்தத் தலைக்குப் பகா எண்ணே இல்லாம இருந்தா?"

"இருக்கலாம்."

"அதை நிரூபிக்க முடியாதா? இல்லைன்னு நிரூபிச்சாலும் ஒரு முடிவுதானே."

"சில தலைக்கு முடியும். எந்த வால் போட்டாலும் ஏழெட்டுச் சின்ன எண்கள்ல ஏதாவது ஒண்ணு வகுத்துடும்னு காட்டிடலாம். இதுக்கு அப்படி இல்ல. எழுபத்து மூணு கொஞ்சம் வாலைத் தின்னுது, ஏழு கொஞ்சம் தின்னுது, பதிமூணு கொஞ்சம். ஆனா எப்பவும் சில வால் தப்பிச்சுடுது."

"தப்பிச்சதுல ஒண்ணு பகா எண்ணா இருக்கணுமே."

"இருக்கணும்னு கட்டாயம் இல்லடி." ஒரு சட்டையை உதறி மடித்தாள். "தேடினா கிடைக்கும்னும் சொல்ல முடியாது. கிடைக்காதுன்னும் சொல்ல முடியாது. தேடறதை நிறுத்தினா மட்டும் என்ன ஆகும்னு சொல்லலாம்."

"என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். வேறு விஷயமாக இருந்தால், சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பேன். இதில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த எண்கள் ஏற்கெனவே ஏதோ ஒன்றாக இருக்கின்றன. நாங்கள் எவ்வளவு வேண்டினாலும், எவ்வளவு பேர் சரிபார்த்தாலும், அவை மாறப்போவதில்லை. துணியை வாங்கிக்கொண்டு நானும் மடித்தேன்.

ஆண்டு முடிவில் கல்லூரியில் அவளுக்குச் சின்னதாக ஒரு வழியனுப்பு விழா வைத்தார்கள். மாணவிகள் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். "மேடம், பிஎச்.டி. முடிச்சுட்டு எங்க எம்.எஸ்ஸி. வகுப்புக்கு வந்துடுங்க," என்று ஒருத்தி சொன்னாளாம். அக்கா "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது நிலை இது. தலைப்பை மாற்றக் கேட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. பதிவுக் காலம் முடிந்துவிட்டது. அக்காவுக்கு வேலை இல்லை. வேறு கல்லூரிகளுக்கு எழுதியிருக்கிறாள், எல்லோரும் பட்டம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சரியான தலைக்கு வால் பதினாறு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. இதுவரை வந்தவை எல்லாம் பகு எண்கள். கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.